அன்கி விமர்சனம்: மொழிபெயர்ப்பு முதுகலை நுழைவுத் தேர்வுக்கு எதுவரை கைகொடுக்கும்?

சீனாவில் எம்.டி.ஐ. எனப்படும் மொழிபெயர்ப்பு முதுகலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு, மாணவருக்கு எத்தனை ஆங்கிலச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பாடத்திட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. பார்த்தால் பொருள் புரிய வேண்டியவை 10,000-க்கு மேல். அவற்றில் தானாக எடுத்து ஆளத் தெரிய வேண்டியவை 5,000-க்கு மேல். இவ்வளவையும் சேர்த்து, தேர்வு நாள்வரை சிந்தாமல் காப்பாற்ற உதவும் கேள்வி-பதில் கார்டு செயலியாக அன்கியைப் பலரும் சொல்கிறார்கள். நம் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மறதியைத் தடுப்பதில் இதற்கு ஈடான இலவசக் கருவி இல்லை. ஆனால் பெரும்பாலோர் பயன்படுத்துகிற விதத்தில் பயன்படுத்தினால், மொழிபெயர்ப்புத் தேர்வுக்கு அது தவறான அறிவைத்தான் கெட்டிப்படுத்தும்.

எம்.டி.ஐ. தேர்வை அளவுகோலாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதன் மதிப்பெண் பங்கீடு தெளிவாக இருப்பதுதான். படிப்பு 2007-இல் 15 பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. இப்போதைய தேர்வு நாடு முழுவதற்குமான முதுகலை நுழைவுத் தேர்வின் பகுதியாக டிசம்பர் கடைசியில் நடக்கிறது. அதில் 211 என்ற எண் கொண்ட ஆங்கிலத் தாளுக்கு 100 மதிப்பெண்: சொல்லும் இலக்கணமும் 30, வாசிப்பு 40, கட்டுரை 30. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். 357 என்ற மொழிபெயர்ப்புத் தாளுக்கு 150: கலைச்சொற்களும் சுருக்கப் பெயர்களும் 30, இரு திசைகளிலும் பத்தி மொழிபெயர்ப்பு 120. இந்தத் தாள்களை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே தயாரிப்பதால் கேள்வி வடிவம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். ஆங்கிலத்திலிருந்து எந்த மொழிக்குப் போகிற தேர்வுக்குத் தயாரானாலும், தேவைப்படும் திறன் இதே மூன்றுதான்: சொல்லை அடையாளம் காண்பது, சொல்லை ஆள்வது, பத்தியைப் படித்துப் பிடிப்பது. அன்கி முதலாவதில் வலுவானது. இரண்டாவதில் நாம் கார்டு எழுதும் விதத்தைப் பொறுத்தது. மூன்றாவதில் பலவீனமானது.

'அன்கி' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். விடையைப் பார்த்தபின் அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்ற நான்கு பட்டன்களில் ஒன்றை அழுத்துகிறோம். நன்றாக நினைவில் நின்ற கார்டு சில நாள் கழித்து, பிறகு சில வாரம், பிறகு சில மாதம் என்று தள்ளித் தள்ளி வரும். மறந்தது உடனே திரும்பும். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் இலவசம். ஆண்ட்ராய்டுக்கான அன்கிட்ராய்டும் இலவசம். ஐபோனுக்கான அன்கிமொபைல் மட்டும் ஒருமுறை கட்டணம், 25 டாலரை ஒட்டி. பெயரில் அன்கி என்று சேர்த்துக்கொண்ட, இதோடு தொடர்பில்லாத வேறு செயலிகளும் ஸ்டோரில் உண்டு. மாதச் சந்தா கேட்டால் அது இதுவல்ல என்று புரிந்துகொள்ளலாம்.

இறக்கியவுடன் எல்லோரும் செய்வது, யாரோ தயாரித்துப் பகிர்ந்த டெக், அதாவது கார்டுத் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வது. முன்பக்கம் ஒரு சொல், பின்பக்கம் ஒரு பொருள், ஆயிரக்கணக்கில் கார்டுகள். இங்கேதான் கோளாறு தொடங்குகிறது. பொது அறிவுத் தேர்வுக்கு இது போதும். மொழிபெயர்ப்புத் தேர்வு கேட்பதோ, தெரிந்த சொல்லின் தெரியாத பொருளை. 'இன்ட்ரஸ்ட்' என்றால் ஆர்வம் என்று 50 முறை சரியாகச் சொன்னவர், வங்கி பற்றிய பத்தியில் அது வட்டி என்பதையும், வெளியுறவு பற்றிய பத்தியில் அது நலன் என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். கார்டு அவருக்கு ஆர்வத்தைத்தான் முதலில் நீட்டும். எவ்வளவு நன்றாகப் படித்தாரோ அவ்வளவு வேகமாக நீட்டும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை எந்த டெக்கும் கணக்கில் எடுப்பதில்லை. நம் பேச்சில் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் ஒற்றைப் பொருளோடு குடியேறிவிட்டன. லோன் 'சாங்ஷன்' ஆகிவிட்டது என்றால் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று பொருள். அதே சொல் பன்மையில் செய்தியில் வந்தால் பெரும்பாலும் தடை, அதாவது நேர் எதிர். 'செக்யூரிட்டி' நமக்கு வாசலில் நிற்கும் காவலாளி. நிதிப் பத்தியில் பன்மையில் வந்தால் பங்கு, கடன் பத்திரங்கள். 'டெபாசிட்' தேர்தலில் காலியாவது, வங்கியில் போடுவது. புவியியல் பத்தியில் அது படிவு. 'கண்டக்டர்' பேருந்தில் டிக்கெட் கொடுப்பவர். இயற்பியலில் மின்கடத்தி, இசைக்குழுவில் அதை நடத்துபவர். 'டெண்டர்' ஒப்பந்தப்புள்ளி. ஆனால் 'லீகல் டெண்டர்' செல்லத்தக்க பணம், பெயரடையாக வந்தால் மென்மையானது. 'கேபிடல்' தலைநகர், மூலதனம், தண்டனை என்ற சொல்லின் முன்னால் வந்தால் மரணம். இந்தச் சொற்களைத் தெரியாதவை என்று யாரும் குறித்துவைப்பதில்லை, ஏனென்றால் தெரிந்தவை என்று நினைக்கிறோம். 500 அபூர்வச் சொற்களுக்குக் கார்டு போடுவதற்கு முன் இப்படிப்பட்ட 100 சொற்களுக்குப் போடுங்கள். மதிப்பெண் இங்கேதான் போகிறது.

ஆகவே கார்டு எப்படி இருக்க வேண்டும்? முன்பக்கம் சொல் தனியாக இருக்கக் கூடாது. அது வந்த முழு வாக்கியமும் இருக்க வேண்டும். பின்பக்கம் அந்த வாக்கியத்தில் மட்டும் பொருந்தும் ஒரு பொருள். அகராதியிலிருந்து ஐந்து பொருளையும் ஒரே கார்டில் அடுக்காதீர்கள். அடுக்கினால், இரண்டைச் சொல்லி மூன்றை மறந்த நாளில் எந்தப் பட்டனை அழுத்துவது என்றே தெரியாது. ஒரு பொருளுக்கு ஒரு கார்டு. 'இன்ட்ரஸ்ட்' மூன்று வாக்கியங்களில் மூன்று கார்டாக இருக்கட்டும்.

ஆள வேண்டிய சொற்களுக்கு க்ளோஸ் என்ற வகையைப் பயன்படுத்துங்கள். வாக்கியத்தில் மறைக்க வேண்டிய சொல்லைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்த இடம் கோடிட்ட இடமாகிவிடும். மறைத்த சொல்லின் முதல் எழுத்தைத் துப்பாகச் சேர்த்துவிடுவது அவசியம். இல்லையென்றால் ஒத்த பொருள் கொண்ட நாலைந்து சொற்கள் அங்கே பொருந்தி, சரியான பதிலைச் சொல்லியும் தவறு என்று குறிக்க வேண்டிவரும்.

மறைக்க வேண்டியது எது என்பதில்தான் நுட்பம். பெயர்ச்சொல்லை மறைப்பதைவிட அதோடு சேரும் வினைச்சொல்லை மறைப்பது அதிகப் பலன் தரும். தமிழில் 'ஏற்படுத்து' என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு சேதம் ஏற்படுத்தலாம், விழிப்புணர்வு ஏற்படுத்தலாம், உடன்பாடும் ஏற்படுத்தலாம். ஆங்கிலத்தில் சேதத்துக்கு 'காஸ்', விழிப்புணர்வுக்கு 'ரெய்ஸ்', உடன்பாட்டுக்கு 'ரீச்'. தடையை விதிக்க 'இம்போஸ்', விலக்க 'லிஃப்ட்'. பெயர்ச்சொற்கள் எல்லாம் தெரிந்தும் ஆங்கிலத்தில் எழுதும்போது வாக்கியம் நொண்டுவது இந்த இணைகள் கைவசம் இல்லாததால்தான். பாடத்திட்டம் அந்த 5,000 சொற்களைச் சொல்லும்போது அவற்றோடு வழக்கமாகச் சேரும் சொற்களையும் சேர்த்தே கேட்கிறது.

புரட்டிப் போட்ட கார்டு, அதாவது தாய்மொழிச் சொல்லை முன்பக்கம் வைத்து ஆங்கிலத்தைக் கேட்கும் வகை, அன்கியில் ஒரே கிளிக்கில் கிடைக்கும். பொதுச் சொற்களுக்கு அதைத் தொடவே வேண்டாம். முன்பக்கம் 'ஒப்பந்தம்' என்று மட்டும் இருந்தால் 'அக்ரிமென்ட்' சரியா, 'ட்ரீட்டி' சரியா, 'கான்ட்ராக்ட்' சரியா? நாடுகளுக்கு இடையிலா, இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலா என்று தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. தவிர, கார்டு எண்ணிக்கையும் இரட்டிப்பாகும்.

ஒரே ஒரு இடத்தில் புரட்டிப் போட்ட கார்டு கனகச்சிதமாகப் பொருந்துகிறது: 357-ஆம் தாளின் கலைச்சொல் பகுதி. அங்கே 15 ஆங்கிலத்திலிருந்து, 15 ஆங்கிலத்துக்கு. அமைப்புகளின் பெயர்கள், சுருக்கங்கள், அரசுத் திட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் அதிகாரப்பூர்வமான ஒரே வடிவம்தான். ஆனால் இங்கே பகிரப்பட்ட பழைய டெக்குகளை நம்பக் கூடாது. சீனா 2013-இல் அறிவித்த பட்டை, பாதைத் திட்டத்தை முதலில் பலரும் 'ஒன் பெல்ட் ஒன் ரோடு' என்று எழுதினார்கள். 2015-இல் சீன அரசுத் துறைகள் ஆங்கில வடிவத்தை 'பெல்ட் அண்ட் ரோடு' என்று வரையறுத்தன. அதன் பின்னால் 'இனிஷியேட்டிவ்' ஒருமையில் வர வேண்டும், 'ஸ்ட்ராட்டஜி' என்று போடக் கூடாது என்பதும் அதில் அடக்கம். பழைய டெக்கைப் படித்தவர் பழைய வடிவத்தைத்தான் எழுதுவார். கார்டில் 'எங்கிருந்து, எந்த ஆண்டு' என்று ஒரு கூடுதல் ஃபீல்ட் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலைத் தவிர்க்கலாம்.

அடுத்து, கணக்கு. அன்கி தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 20 புதிய கார்டு, அதிகபட்சம் 200 மறுபார்வை என்று வைத்திருக்கிறது. ஜூன் தொடக்கத்திலிருந்து நவம்பர் முடியும்வரை 183 நாள். நாளுக்கு 20 என்றால் 3,660 கார்டு. பட்டப்படிப்பு முடித்து 6,500 சொற்களோடு வருகிறவருக்கு 10,000-ஐத் தொட இது போதுமானது. 40 ஆக்கினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். ஆனால் மறுபார்வைச் சுமை புதிய கார்டுகளின் எண்ணிக்கையைப் போலச் சுமார் பத்து மடங்குவரை போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். 20 புதியது போட்டால் தினம் 200 வரை. கார்டுக்கு 8 விநாடி என்றால் 27 நிமிடம். 40 போட்டால் ஒரு மணி நேரத்தை நெருங்கும், அந்த நேரம் வாசிப்பிலிருந்துதான் வெட்டப்படும். 40 மதிப்பெண் வாசிப்புக்கு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

நான்கு நாள் விட்டுவிட்டால் கார்டுகள் தேங்கும். தேங்கியது 200-ஐத் தாண்டினால் செயலி 200-ஐ மட்டும் காட்டி மீதியை மறைத்துவைக்கும், புதிய கார்டுகளையும் நிறுத்திவிடும். 'வேலை முடிந்தது' என்ற வாழ்த்தைப் பார்த்து ஏமாறாமல், தேங்கிய காலத்தில் புதியதை 0 ஆக்கி, மறுபார்வை வரம்பை உயர்த்தி, கையிருப்பைத் தீர்க்க வேண்டும்.

டெக் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்றொரு சுவிட்ச் உண்டு. 2023-இன் 23.10 பதிப்பிலிருந்து இருக்கிறது. கார்டு எப்போது திரும்ப வர வேண்டும் என்று முடிவுசெய்யும், 1980-களின் எஸ்.எம்.2 என்ற பழைய கணக்கீட்டுக்கு மாற்று. அதை இயக்கிவிடுங்கள். எத்தனை சதவீதக் கார்டுகள் நினைவில் நிற்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 90 போதும்: 97 என்று ஏற்றினால் தினசரிச் சுமை தாறுமாறாக எகிறும், பலனோ கொஞ்சம்தான். இன்னொன்று: மறந்துபோன கார்டுக்கு மனம் வராமல் 'ஹார்ட்' அழுத்தும் பழக்கம். செயலியைப் பொறுத்தவரை 'ஹார்ட்' என்றால் கஷ்டப்பட்டாவது நினைவுக்கு வந்தது என்று அர்த்தம். மறந்தால் 'அகெய்ன்' மட்டும்தான். இந்த ஒரு தவறு கணக்கீட்டையே கெடுத்து, தெரியாத கார்டுகளை வாரக்கணக்கில் தள்ளிவைத்துவிடும்.

எட்டு முறை மறந்த கார்டை அன்கி 'லீச்' என்று குறியிடுகிறது, ஆப்ஷன்ஸில் உள்ளதைப் பொறுத்து நிறுத்தியும் வைக்கும். லீச் என்றால் ரத்தம் உறிஞ்சும் அட்டை. கார்டுக்கும் தமிழில் அட்டை என்றே பெயர் இருப்பது பொருத்தமான தற்செயல். அப்படிக் குறியிடப்பட்டதை மறுபடி அப்படியே ஓட்டாதீர்கள். அது மாணவரின் மறதி அல்ல, கார்டின் குறை. பெரும்பாலும் உருவத்தில் ஒத்த இன்னொரு சொல்லோடு குழம்புவதால் வரும்: 'எகனாமிக்' பொருளாதாரம் சார்ந்தது, 'எகனாமிகல்' சிக்கனமானது. 'கன்சிடரபிள்' கணிசமானது, 'கன்சிடரேட்' பிறரை எண்ணிப் பார்ப்பது. 'இண்டஸ்ட்ரியல்' தொழில்துறை சார்ந்தது, 'இண்டஸ்ட்ரியஸ்' உழைப்பாளியானது. சொல், இலக்கணத்துக்கான 30 மதிப்பெண் பகுதியில் இப்படிப்பட்ட இணைகளுக்கு எப்போதும் இடம் உண்டு. லீச் ஆன இரண்டையும் ஒரே நாளில் படிக்காமல், ஒன்று கெட்டிப்பட்டபின் மற்றதை எடுத்தால் குழப்பம் தீரும். அகர வரிசையில் அமைந்த டெக்குகள் இந்த நோயை வளர்க்கின்றன. டிஸ்ப்ளே ஆர்டரில் புதிய கார்டுகளைக் கலைத்துத் தரும்படி மாற்றிவிடுங்கள்.

எந்தச் சொற்களிலிருந்து தொடங்குவது? மொழியியலாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்வித்துறைச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) இருக்கின்றன. கல்வி சார்ந்த எழுத்தில் ஏறத்தாழ 10 சதவீதத்தை இவையே நிரப்புகின்றன. நாளுக்கு 20 என்றால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பட்டியல் வேண்டாம். படிக்கும் பத்திகளிலிருந்து மட்டும் எடுங்கள்.

வாசிப்புக்கு வந்தால் அன்கியின் எல்லை சட்டென்று தெரிந்துவிடும். மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் காட்டிய கணக்கின்படி, ஒரு ஆங்கில எழுத்தில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். 98 சதவீதம் என்றாலும் 50 சொல்லுக்கு ஒன்று தெரியாது. 300 சொல் பத்தியில் ஆறு. அந்த ஆறை ஊகிக்கும் பயிற்சியை எந்தக் கார்டும் தருவதில்லை. கார்டு தயாரிப்பதே வாசிப்பு என்று நினைத்துப் பத்திக்கு 15 கார்டு எடுப்பவர்கள், நீளமாகப் படிக்கவே மறந்துவிடுகிறார்கள்.

நடைமுறையில் பலன் தருவது இப்படி: நேரம் வைத்து ஒரு பத்தியை அகராதி தொடாமல் முடித்து, விடைகளைத் திருத்தியபின் ஒவ்வொரு தவறுக்கும் காரணம் குறியுங்கள். சொல் தெரியவில்லை, தெரிந்த சொல்லுக்கு வேறு பொருள், சொல் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் பிடிபடவில்லை என்று மூன்றே வகை. முதல் இரண்டு வகையில் இருந்து மட்டும் கார்டு, அதுவும் பத்திக்கு நான்கைந்துக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வகைக்கு நோட்டுப் புத்தகம். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் 20 சொற்கள் புகுந்துகொள்ளும். தமிழ் போல வினை கடைசியில் காத்திருக்காது. அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதி, முதலில் முதன்மை வினையைக் கோடிட்டு, 'இட்', 'திஸ்', 'தே' ஒவ்வொன்றும் எதைச் சுட்டுகிறது என்று அம்புக்குறி போட்டு, பிறகு முழுதாக மொழிபெயர்த்துப் பாருங்கள். மொழிபெயர்க்க முடியாத இடம்தான் புரியாத இடம். புரிந்ததுபோல் தோன்றி ஏமாற்றும் சிறு தொடர்களை மட்டும் விதிவிலக்காகக் கார்டு ஆக்கலாம்: 'ஆல் பட் இம்பாசிபிள்' என்றால் கிட்டத்தட்ட முடியாதது. 'எனிதிங் பட் ஈஸி' என்றால் கொஞ்சமும் எளிதல்ல. ஒரு சொல் மாற, பொருள் தலைகீழாகிறது.

சில்லறைக் குறைகளும் உண்டு. கார்டின் எழுத்து நடுவில் அமையும்படி வருகிறது. முழு வாக்கியத்தை அப்படிப் படிப்பது கண்ணுக்குச் சிரமம். ஸ்டைலிங் பகுதியில் 'சென்டர்' என்பதை 'லெஃப்ட்' என்று மாற்றினால் சரியாகும். எக்செலில் தயாரித்த பட்டியலை ஏற்றும்போது யூ.டி.எஃப்-8 வடிவத்தில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் உடைந்துபோகும். கம்ப்யூட்டரில் ஃபீல்டைக் கூட்டினாலோ குறைத்தாலோ கம்ப்யூட்டரையும் போனையும் ஒத்திசைக்கும் அடுத்த சிங்க் ஒருவழியாகத்தான் நடக்கும், எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது என்று கேட்கும். அவசரத்தில் தவறான பக்கத்தைத் தேர்ந்தால் அன்று போனில் படித்ததெல்லாம் அழியும். ஃபீல்ட் மாற்றுவதற்கு முன் இரண்டு கருவியிலும் சிங்க் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட்டில் ஒரு பேக்கப் எடுத்துவையுங்கள். விடையை டைப் செய்யும் வசதி உண்டு, ஆனால் தேர்வு பேனாவால் எழுதுவது. ஆள வேண்டிய சொற்களைப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதிப் பார்த்துப் பின் கார்டைத் திருப்புவதே நல்லது, எழுத்துப் பிழை அப்போதுதான் கையில் நிற்கும்.

டிசம்பர் பிறந்ததும் புதிய கார்டை 0 ஆக்கிவிடுங்கள். மறுபார்வை தானாகவே குறையத் தொடங்கும். மிச்சமாகும் நேரத்தில் கஸ்டம் ஸ்டடி வழியாகக் கடந்த சில நாட்களில் மறந்த கார்டுகளை மட்டும் எடுத்து ஓட்டலாம். கலைச்சொற்களுக்கு ஆரம்பத்திலேயே டேக் போட்டுவைத்திருந்தால், கடைசி வாரத்தில் அவற்றை மட்டும் ஃபில்டர்டு டெக்காகப் பிரித்து இரு திசையிலும் ஒருமுறை பார்த்துவிட முடியும்.